கண்ணில் வைக்கும் கமராவும் குனிந்து பார்க்கும் கமராவும்

கமரா வாங்கப் போகிறவர்கள் இன்றைக்கும் என்னிடம் வந்து யோசனை கேட்கிறார்கள். யோசனை சொல்வதில் நான் ஒருநாளும் கஞ்சத்தனம் காட்டியதில்லை. கேட்காதவர்களுக்கும் சொல்வேன். ஆனால் எந்தக் கமரா நல்லது என்று யாராவது கேட்டால், யாரைப் படம் எடுக்கப் போகிறீர்கள் என்று முதலில் திருப்பிக் கேட்பேன். லென்ஸ், விலை, எடை எல்லாம் அதற்குப் பிறகுதான். இந்தக் கேள்வி எனக்குச் சும்மா கிடைக்கவில்லை. கட்டுகஸ்தோட்டையில் ஒரு வீட்டின் உள்ளறையில் மூக்குடைபட்டுக் கற்றுக்கொண்டேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுப்பகுதி அது. கண்டிக்குப் பக்கத்துக் கட்டுகஸ்தோட்டையில் ஒரு பெண்கள் பாடசாலையில் நான் ஆசிரியையாக இருந்தேன். குடியிருந்தது அம்பிட்டியவில், அண்ணன் வீட்டில். காலையில் மலையிறங்கிக் கண்டிக்கு நடந்து, அங்கிருந்து பஸ் பிடித்துப் போவேன். சம்பளத்தில் வீட்டுக்குக் கொடுத்தது போக மிஞ்சியதை மூன்று வருடம் சேர்த்து வைத்திருந்தேன். நகைக்குத்தான் சேர்க்கிறேன் என்று அண்ணி நம்பிக்கொண்டிருந்தார். நான் அவரைத் திருத்தப் போகவில்லை.

நான் சேர்த்தது கமராவுக்கு. அப்போது என்னிடம் இருந்தது ஒரு பெட்டிக் கமரா. ஹுன்னஸ்கிரியத் தேயிலைத் தோட்டத்தில் அப்பா வேலை பார்த்தபோது, ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரத் துரை வேண்டாமென்று விட்டுப்போனது. அதை வைத்துக்கொண்டு நானே பிலிம் கழுவவும் படம் போடவும் பழகியிருந்தேன். சாமான் வைக்கும் அறையின் யன்னலுக்குக் கம்பளியைத் தொங்கவிட்டு, சிவப்புக் கண்ணாடி விளக்கேற்றி, சோறு வடிக்கும் தட்டுகளில் மருந்தை ஊற்றிக் கழுவுவேன். அந்தத் தட்டுகள் பிறகு குசினிக்குத் திரும்பவில்லை என்பதில் அண்ணிக்குக் கோபம். பெட்டிக் கமராவோ வெயிலில்லாத இடத்தில் ஒன்றுக்கும் உதவாது. ஆளை முற்றத்தில் நிறுத்தி, சூரியனைப் பார்க்க வைத்து, கண் கூசக் கூச எடுத்தால்தான் முகம் விழும். வீட்டுக்குள் எடுத்தால் கறுப்புத்தான் மிஞ்சும்.

கண்டியில் குளத்துக்குக் கீழே உள்ள கடைத்தெருவில் ஒரு மருந்துக்கடை இருந்தது. இருமல் மருந்துக்குப் பக்கத்திலேயே பிலிமும் கமராவும் விற்பார்கள். கடைக்காரர் யாழ்ப்பாணத்து ஆள். அவருடைய கண்ணாடி அலுமாரியில் அந்த வருடம் இரண்டு கமராக்கள் வந்து உட்கார்ந்தன. இரண்டும் ஜெர்மனியில் செய்தவை, இரண்டும் ஒருவர் பாவித்துக் கொடுத்தவை, விலையும் ஏறக்குறைய ஒன்றுதான். என்னிடம் இருந்த பணத்துக்கு இரண்டில் ஒன்றை வாங்கலாம். அதற்கு மேல் ஒரு பிலிம் சுருள் வாங்கவும் யோசிக்க வேண்டும்.

ஒன்று கண்ணில் வைத்துப் பார்க்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கும். அதன் துளைக்குள் பார்த்தால் எதிரே நிற்கும் ஆள் இரண்டாகத் தெரிவார். லென்ஸின் வளையத்தைத் திருப்பத் திருப்ப அந்த இரண்டும் நெருங்கி வந்து ஒன்றாகும். ஒன்றாகிவிட்டால் தூரம் சரி, படம் கூர்மையாக விழும். மற்றது குனிந்து பார்க்கிறது. பெட்டி போல இருக்கும், ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு லென்ஸ்கள். மேல் லென்ஸ் பார்ப்பதற்கு, கீழ் லென்ஸ் எடுப்பதற்கு. மூடியைத் திறந்து மேலிருந்து குனிந்தால், உள்ளே சாய்த்து வைத்த கண்ணாடி எதிரே இருப்பதையெல்லாம் ஒரு தேய்த்த கண்ணாடித் தகட்டில் காட்டும்.

எனக்குப் பார்த்தவுடன் சின்னதன் மேல் ஆசை. அதில் முப்பத்தாறு படம் எடுக்கலாம், பெரியதில் பன்னிரண்டுதான். பெரியதைக் கழுத்தில் மாட்டினால் பால் வாளி சுமந்து போவது போல இருந்தது. சின்னதைக் கையில் எடுத்தால் நானே கொஞ்சம் உயரமாகிவிட்டதாக நினைப்பு வந்தது. உண்மையைச் சொல்வதில் வெட்கமில்லை.

அண்ணனும் என் பக்கம்தான். ரயில்வே கந்தோரில் எழுத்தர் வேலை, எந்தப் பொருளையும் எத்தனைக்கு எத்தனை என்று வகுத்துப் பார்க்கிறவர்.

"முப்பத்தாறு எங்க, பன்னெண்டு எங்க. இதுல யோசிக்க என்ன இருக்கு தங்கச்சி?" என்றார். துளைக்குள் பார்த்து வளையத்தைத் திருப்பிவிட்டு, "ரெண்டு பேரு ஒண்ணா சேர்றதை இதுக்குள்ளயாவது பார்த்துக்க. வெளிய வந்த வரனையெல்லாம் நீ தொரத்திட்ட" என்று சேர்த்துக்கொண்டார்.

கடைக்காரர் அவசரப்படுத்தவில்லை. தெரிந்த ஆட்களுக்கு ஒரு கிழமை கொண்டுபோய்ப் பாவித்துப் பார்க்கக் கொடுப்பது அவர் வழக்கம்.

"கொண்டுபோய்ப் பாருங்கோ டீச்சர். பிடிச்சா காசு தாங்கோ, பிடிக்காட்டி கமராவைத் தாங்கோ. ஆனா வாங்கினாப் பிறகு திருப்பித் தந்தா நான் எடுக்கமாட்டன்" என்றார்.

அந்தக் கிழமையில்தான் கட்டுகஸ்தோட்டையிலிருந்து எனக்கு ஆள் வந்தது. என்னிடம் படித்த ஒரு முஸ்லிம் பெண்ணின் தாயார் கூப்பிட்டனுப்பியிருந்தார். அந்தப் பெண் பன்னிரண்டு வயதில் பெரியவளானதும் பாடசாலையை விட்டு வீட்டோடு இருந்துவிட்டாள். இப்போது பதினெட்டு வயது. நிக்காஹ் முடிந்திருந்தது. பாடசாலை விட்டதும் போனேன். தாயார் என்னைக் கதிரையில் உட்காரவைத்து, தேத்தண்ணீர் தந்து, நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார்.

"டீச்சர், ஒங்களுக்குப் படம் புடிக்கத் தெரியும் எண்டு மக சொன்னா. எண்ட புள்ளைய ஒரு படம் புடிச்சுத் தருவீங்களா?" என்று பிறகு கேட்டார். "மாப்புள சிங்கப்பூர்ல மாணிக்கக் கல் யாவாரம். முன்னால பெய்த்துட்டாரு. இன்னம் ரெண்டு கிழமையில இவ மாமாவோட கப்பல் ஏறுறா. எப்ப திரும்பி வருவாளோ, அல்லாஹ்தான் அறிவான்."

நான் சரியென்றேன். அவர் இன்னும் முடிக்கவில்லை.

"எங்கட உம்மா மௌத்தாகி இருவது வருசம். கொரல் ஞாபகம் ஈக்குது. மொகம் ஞாபகமில்ல. எத்தன வருசம் பாத்த மொகம் டீச்சர். கண்ண மூடினா வருகுதில்ல. எண்ட புள்ளட மொகமும் அப்புடிப் பெய்த்துடுமோ எண்டு பயமா ஈக்குது."

இதைச் சொல்லும்போது அவர் அழவில்லை. நான்தான் கோப்பையை வைக்க இடம் தேடினேன்.

பிறகு தன் நிபந்தனைகளைச் சொன்னார். ஆண்பிள்ளை யாரும் படம் எடுக்கக் கூடாது. ஆண்பிள்ளை யாரும் கழுவக் கூடாது. ஆண்பிள்ளை யார் கண்ணிலும் படக் கூடாது. வேலை முடிந்ததும் சுருளை அவர் கையில் கொடுத்துவிட வேண்டும். கண்டியில் ஸ்டூடியோக்கள் இருந்தன, எல்லாம் ஆண்கள் நடத்தியவை. அதனால்தான் என்னைத் தேடியிருந்தார்.

"எல்லாம் நானேதான் செய்வேன் உம்மா. ஒரு ஆம்பள கண்ணுலயும் படாது" என்று வாக்குக் கொடுத்தேன். யோசிக்கவே இல்லை. என் கைவேலையில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

முற்றத்தில் வைத்து எடுக்க முடியாது, பக்கத்து வீட்டு மாடியிலிருந்து தெரியும். உள்ளறையில் ஆற்றைப் பார்த்த யன்னல் ஒன்று இருந்தது. அந்தப் பக்கம் மகாவலி மட்டும்தான், ஆள் நடமாட்டமில்லை. அந்த யன்னல் வெளிச்சம் பெட்டிக் கமராவுக்குப் போதாது. மருந்துக்கடை அலுமாரியில் இருந்தவற்றின் லென்ஸுக்குப் போதும். ஆக, நான் எதை வாங்கப் போகிறேனோ அதைக் கொண்டுதான் இந்தப் படத்தை எடுக்க வேண்டும். எனக்கு அது பெரிய சங்கடமாகவும் தெரியவில்லை. பாவித்துப் பார்க்கக் கடைக்காரர் தந்த சின்னக் கமராவோடு சனிக்கிழமை காலை போய் இறங்கினேன்.

அந்தப் பெண் கல்யாணச் சேலையில் யன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். என்னிடம் படித்தபோது வகுப்பில் வாய் ஓயாதவள். அன்றைக்கும் பாடசாலைக் கதையெல்லாம் கேட்டுச் சிரித்துக்கொண்டே இருந்தாள். நான் கமராவை எடுத்து, இடது கண்ணை மூடி, வலது கண்ணில் வைத்தேன். இரண்டாகத் தெரிந்த முகம் ஒன்றாகச் சேர்கிற நேரத்தில் அவள் சேலைத் தலைப்பை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

கமராவை இறக்கினேன். தலைப்பும் இறங்கியது. மறுபடி கண்ணில் வைத்தேன். மறுபடி மூடிக்கொண்டாள். நாலைந்து தரம் இப்படியே நடந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. வகுப்பறைக் குரலில், என்ன விளையாட்டு இது என்று கேட்டேன்.

"டீச்சர், ஒத்தக் கண்ண மூடிக்கிட்டுப் பாக்குறீங்களே. பாலத்துல நிக்கிறவங்க பாக்குற மாதிரியே ஈக்குது" என்றாள் தலைப்புக்குள்ளிருந்து.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் மாலை நேரங்களில் வேலைவெட்டி இல்லாத ஒரு கூட்டம் சாய்ந்து நிற்கும். போகிற பெண்களைப் பார்த்துக் கண்ணடிப்பது அவர்கள் தொழில். நான் அந்த வழியாகப் போகும்போது குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு போவேன். இப்போது நானே அந்தக் கூட்டத்தில் ஒருத்தியாகிவிட்டேன். தாயார் சிரித்தார். பிறகு மகளைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

"புள்ளைக்கு மனசு கூசுது டீச்சர். நாங்க வெளங்கிக்கிறம், மனசுக்கு வெளங்குதில்ல" என்றார்.

இரண்டு கண்ணையும் திறந்து வைத்துப் பார்த்தேன். அப்படிப் பார்த்தால் எனக்கு ஒன்றும் சேரவில்லை. எப்படியோ கெஞ்சி ஏழெட்டுப் படம் எடுத்தேன். அவற்றில் இரண்டில் முழு முகம் விழுந்திருக்கும் என்று தோன்றியது. தோற்றுப்போன நினைப்பே எனக்கு இல்லை. இரண்டு போதும் என்று பஸ்ஸில் சொல்லிக்கொண்டே வந்தேன்.

மறுநாள் பூசை முடிந்து வந்து கழுவினேன். படம் நன்றாகவே வந்திருந்தது. ஆனால் ஒவ்வொன்றும் இரண்டு தபால்தலை அகலம்தான். பெட்டிக் கமராவின் பெரிய நெகட்டிவைத் தாளோடு சேர்த்துச் சட்டத்தில் வைத்து வெயிலில் காட்டினால், அதே அளவில் படம் தாளில் இறங்கிவிடும். எனக்குத் தெரிந்த வித்தை அது ஒன்றுதான். இந்தச் சின்ன நெகட்டிவை அப்படி இறக்கினேன். முகம் பட்டாணி அளவுக்கு வந்தது. கண் எது, மூக்கு எது என்று பூதக்கண்ணாடி வைத்துத்தான் தேட வேண்டும். பெரிதாக்க வேறு இயந்திரம் வேண்டும். அதன் விலை கமரா விலைக்குக் குறையாது. கண்டியில் அது இருந்தது ஸ்டூடியோக்களில் மட்டும். இந்தக் கணக்கை நான் சின்னதைக் கையில் எடுக்குமுன் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். முப்பத்தாறு என்ற எண்ணில் மயங்கிப் போயிருந்தேன்.

அண்ணன் வழி சொன்னார்.

"கடைத்தெரு மாடியில இருக்கிற ஸ்டூடியோக்காரர் நமக்குத் தெரிஞ்ச ஆளு. குடுத்தா பத்து நிமிசத்துல பெருசாக்கித் தருவாரு. நீ பக்கத்துலயே நின்னுக்க. யாரு போயி அந்தம்மாகிட்ட சொல்லப் போறா?"

யாரும் சொல்லப் போவதில்லைதான். அந்தக் கமராவை விட எனக்கு மனசில்லை. இந்த ஒரு படத்தைப் பெரிதாக்கிவிட்டால் போதும், சின்னக் கமரா எனக்கே ஆகிவிடும். வாக்கு ஒன்று குறுக்கே நின்றது. ஒருத்தர் பார்த்தால் என்ன தேய்ந்துவிடும் என்று எனக்கு நானே வக்கீல் வைத்து வாதாடினேன். செவ்வாய்க்கிழமை பாடசாலை விட்டு வரும்போது, சுருளைக் கைப்பையில் வைத்துக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போனேன்.

கீழே, படிக்கட்டு ஏறும் இடத்தில், சுவரில் ஒரு கண்ணாடிப் பெட்டி. ஸ்டூடியோக்காரர்கள் தாங்கள் எடுத்த நல்ல படங்களைப் பெரிதாக்கி அதில் ஒட்டிவைப்பார்கள். நான் பாதிப் படி ஏறியிருப்பேன். கீழே இரண்டு பேர் வந்து பெட்டியின் முன் நின்றார்கள். கந்தோர் விட்டு வருகிறவர்கள், பார்க்க மரியாதையான ஆட்கள். பெட்டியில் ஒரு கல்யாணப் பெண்ணின் படம் இருந்தது.

"மூக்கு கொஞ்சம் தடிப்பு" என்றார் ஒருவர்.

"மத்தபடி பரவாயில்ல" என்றார் மற்றவர்.

சந்தையில் கத்தரிக்காயைப் புரட்டிப் பார்க்கிற குரல். அவர்கள் கெட்டவர்களில்லை. பார்க்கத்தானே ஒட்டியிருக்கிறார்கள், பார்த்தார்கள். எனக்குத்தான் முகம் எரிந்தது. அந்தத் தாயார் பயந்தது எதற்கென்று அந்தப் படியில் நின்றபோதுதான் எனக்குச் சரியாக உறைத்தது. அந்தப் பெண்ணின் முகத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, யாருக்கும் தெரியப்போவதில்லை என்ற தைரியத்தில் ஏறிக்கொண்டிருந்தவள் நான். வெட்கம் பிடுங்கித் தின்றது. திரும்பி இறங்கினேன்.

இறங்கின வேகத்தில் நேரே மருந்துக்கடைக்குப் போனேன். அடுத்த நாள் பணத்தோடு வந்து பெரிய கமராவை எடுத்துக்கொள்வதாகவும், சின்னதைத் திருப்பித் தருவதாகவும் சொன்னேன். அதன் நெகட்டிவ் உள்ளங்கையில் பாதி இருக்கும். பெரிதாக்கும் இயந்திரம் தேவையில்லை, தாளோடு வைத்து வெயிலில் காட்டினாலே முகம் முகமாக வரும். முதல் நாளே எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

கடைக்காரர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"பெரிசையும் ஒரு கிழமை பாவிச்சுப் பாக்கேல்லையோ?"

"நேரமில்லைங்க. அடுத்த கிழமை அந்தப் பொண்ணு கப்பல் ஏறுது."

"பிறகு சின்னன்தான் வேணும் எண்டு வந்து நிக்கப்படாது."

"நான் வந்து நிக்கிற ஆளில்லைங்க" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே ஒரு பிலிம் சுருளைச் சும்மா தந்தார். அண்ணன் சிரிக்கவில்லை. பன்னிரண்டு படத்துக்கு இத்தனை காசா என்று இரண்டு நாள் வகுத்துக்கொண்டிருந்தார். மூன்று வருடச் சேமிப்பும் போயிருந்தது. என்னைக் கேட்டால், நான் அப்போதே நிம்மதியாகத் தூங்கினேன்.

அடுத்த சனிக்கிழமை போனதும் முதல் வேலையாகப் பழைய சுருளைத் தாயாரின் கையில் கொடுத்தேன். முகம் சின்னதாகிவிட்டது, உதவாது என்று மட்டும் சொன்னேன். அவர் அதை அடுப்பில் போட்டார். அந்தக் காலத்துப் பிலிம், வெடிமருந்து போலச் சட்டென்று பற்றி எரிந்தது. இரண்டு பேரும் பின்னால் துள்ளினோம்.

உள்ளறையில் ஒரு முக்காலியின் மேல் கமராவை வைத்தேன். மூடியைத் திறந்து, தலையைக் குனிந்தேன். அந்தப் பெண் தலைப்பைத் தொடவே இல்லை. நான் அவளைப் பார்க்கவில்லை, என் கைக்குக் கீழே எதையோ பார்க்கிறேன் என்றுதான் அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். நான் அரிசியில் கல் பொறுக்கிறவள் மாதிரி குனிந்திருந்தேன். அவள் பேசிக்கொண்டே இருந்தாள்.

அந்தக் கண்ணாடியில் வலது இடதாகத் தெரியும் என்பது எனக்குப் பழகவில்லை. வெளிச்சத்துக்காக வலப்பக்கம் நகரச் சொன்னேன். அவள் நகர்ந்தாள். கண்ணாடியிலோ எதிர்ப்பக்கம் ஓடினாள். இந்தப் பக்கம் என்றேன், சுவரோடு போய் ஒட்டிக்கொண்டாள். "டீச்சருக்கு வலது இடது மறந்து போச்சு" என்று சொல்லிச் சிரித்தாள். அந்த வகுப்பில் அவளுக்கு நான் திட்டாத திட்டில்லை. அன்றைக்கு எல்லாவற்றையும் வட்டியோடு வாங்கிக்கொண்டாள்.

"எதுக்குள்ள பாக்குறீங்க டீச்சர்?" என்று தாயார் கிட்ட வந்தார்.

நான் விலகி இடம் கொடுத்தேன். அவர் குனிந்தார்.

"யா அல்லாஹ்" என்றார் மெதுவாக. "கலரோட ஈக்குது. அசையுது."

கலர் படத்தில் வராது உம்மா, கறுப்பும் வெள்ளையும்தான் என்று உடனே சொல்லிவிட்டேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. சிறிது நேரம் கழித்து, "மச்சம் மத்தக் கன்னத்துல ஈக்குதே" என்று சந்தேகம் கேட்டார். கண்ணாடியில் அப்படித்தான் தெரியும், படத்தில் சரியாகிவிடும் என்றேன். தலையாட்டினார். தலையை மட்டும் எடுக்கவில்லை.

நான் காத்திருந்தேன். எனக்குக் காத்திருப்பது பழக்கமில்லை. வெளிச்சம் போய்விடும் உம்மா என்று சொல்ல வாயெடுத்தேன்.

"நேரா பாத்தா அழுகை வருகுது டீச்சர்" என்றார் அவர், குனிந்தபடியே. "ரெண்டு மாசமா புள்ளட மொகத்த நா சரியாப் பாக்கல்ல. இதுக்குள்ள பாக்க ஏலுது."

பேசிக்கொண்டிருந்த பெண் வாயை மூடிக்கொண்டாள். தாயின் குனிந்த தலையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

தூரமெல்லாம் நான் முன்பே சரிபார்த்து வைத்திருந்தேன். முக்காலியும் அசையவில்லை, பெண்ணும் அசையவில்லை. ஆகவே அந்த அம்மாவை எழுப்பாமல், பக்கவாட்டில் முழங்காலிட்டு, விசையைத் தட்டினேன். சுருளை அடுத்த எண்ணுக்குத் திருப்பி மறுபடி தட்டினேன். பன்னிரண்டில் ஒன்பது படத்தை நான் கண்ணால் பார்க்காமலே எடுத்தேன். ஒரு கமராக்காரி இதை வெளியே சொல்லக் கூடாது. ஆனால் என் கையால் எடுத்தவற்றில் அவற்றைவிட நல்ல படம் இல்லை. அதிலும் எனக்குச் சந்தேகமில்லை.

ஞாயிற்றுக்கிழமை கழுவினேன். ஒன்பதில் ஆறு பழுதில்லை. ஒன்று நான் எதிர்பார்த்ததற்கும் மேலே. அதைத் தாளில் இறக்க வெயில் வேண்டும். கண்டி மழை பிடித்தால் விடாது. திங்கள் முதல் வெள்ளி வரை வானம் மூடியே கிடந்தது. புதன்கிழமை அந்தப் பெண் கொழும்புக்கு ரயிலேறினாள். சனிக்கிழமை காலையில் ஒரு மணிநேரம் வெயில் வந்தது. சட்டத்தை முற்றத்துச் சுவரில் வைத்துவிட்டுக் காவல் நின்றேன். அண்ணன் எட்டிப் பார்க்க வந்தார்.

"நான் உன் அண்ணன். எனக்குமா?"

"நீங்களும் ஆம்பளதானண்ணே."

அவர் முணுமுணுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அன்று மாலையே கட்டுகஸ்தோட்டைக்குப் போனேன். அந்த வீட்டில் சத்தமே இல்லை. தாயார் கதவைத் திறந்து, உட்காரச் சொல்லவும் மறந்து நின்றார். நான் உறையைக் கொடுத்தேன். அவர் உள்ளறை யன்னலுக்குப் போய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மச்சம் சரியான கன்னத்தில் இருந்தது. மகள் லென்ஸைப் பார்க்கவில்லை, அதற்குக் கொஞ்சம் மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ என்னையத்தான் பாக்குறா" என்றார்.

"ஓம் உம்மா, உங்களைத்தான்."

நெடுநேரம் பார்த்தார். அலுமாரியில் சேலைகளுக்குள் வைக்கப் போவதாகவும், சுவரில் மாட்டும் வழக்கம் தங்களுக்கு இல்லை என்றும் சொன்னார். பிறகு, "இந்தத் தாள் எத்தன வருசம் இருக்கும்?" என்று கேட்டார்.

நான் மழுப்பவில்லை. வெயிலில் போட்ட படம் வருடம் போகப் போக மங்கும், பத்து வருடத்தில் முகம் தெளிவில்லாமல் போகலாம் என்றேன். சுருள் பத்திரமாக இருந்தால் மட்டும் வேண்டும்போது புதிதாகப் போட்டுக்கொள்ளலாம். இதைச் சொல்லிச் சுருளை அவர் கையில் வைத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

"அப்ப நீங்களே வெச்சிக்கங்க டீச்சர். எனக்கு இத வெச்சிக்கொண்டு என்ன செய்யத் தெரியும்? ஒங்கள்ட்ட ஈந்தா எனக்குப் பயமில்ல."

அதை நான் வாங்கியிருக்கலாம். என் கை நீளவில்லை. முதல் சுருளை எடுத்துக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போனதைச் சொன்னேன். ஒரு ஆண்பிள்ளை கையில் கொடுக்கத்தான் போனேன் என்பதையும், பாதிப் படி ஏறியதையும், உங்களுக்குத் தெரியாது என்ற நினைப்பில்தான் ஏறினேன் என்பதையும் சொன்னேன்.

அவர் முகம் மாறியது. யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆற்றில் மழைத்தண்ணீர் சிவப்பாகப் போய்க்கொண்டிருந்தது. நான் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"ஏறினீங்க" என்றார் திரும்பாமலே. பிறகு திரும்பினார். "எறங்கி வந்தீங்கதானே."

சுருளை என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடிவிட்டார்.

"மொகம் மங்கினா ஆளனுப்புறன்" என்றார்.

சிங்கப்பூரிலிருந்து மகள் திரும்பி வரவில்லை. அந்த வீட்டிலிருந்து மூன்று முறை ஆள் வந்தது. மூன்று முறையும் நானே புதிதாகப் படம் போட்டு, நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.